மந்திரம் மட்டும் போதாது: மிகுபுனைவு நாவல்களுக்குள் நுழைய ஒரு வழி

விக்கிரமாதித்தனுக்கு இந்திரன் ஒரு சிம்மாசனத்தைக் கொடுத்து, அதிலிருந்து ஆயிரம் ஆண்டு ஆளும் வரத்தையும் கொடுத்தனுப்பினான். தம்பியும் மந்திரியுமான பட்டி காளியிடம் போய் இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் வாங்கிவந்துவிட்டான். அண்ணன் போனபின் மிச்சமுள்ள ஆயிரம் ஆண்டைத் தனியாக எப்படி ஓட்டுவது? பட்டி அந்த வரத்தை ஒரு வக்கீலின் கண்ணோடு பார்த்தான். ஆயிரம் ஆண்டு என்பது சிம்மாசனத்தில் அமர்ந்து ஆளும் காலத்துக்குத்தானே கணக்கு? அப்படியானால் ஆறு மாதம் நாட்டை ஆளட்டும், ஆறு மாதம் காட்டில் திரியட்டும், ஆயிரம் இரண்டாயிரமாகிவிடும். ‘காடாறு மாதம், நாடாறு மாதம்’ என்று நாம் இன்றும் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

கதை கேட்கும் குழந்தை குதூகலிப்பது இந்திரன் தோன்றும்போது அல்ல. பட்டி கணக்குப் போடும்போது. வேதாளக் கதைகளிலும் இதே சங்கதிதான். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் ராஜாவின் தலை வெடிக்கும். திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். கூடுவிட்டுக் கூடு பாய்கிறவன் எத்தனை பெரிய வித்தைக்காரனாக இருந்தாலும், விட்டுவந்த உடலுக்குக் காவல் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேறொருவன் அதற்குள் புகுந்து அரண்மனைக்குப் போய்விடுவான்.

மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல் என்றதும், “மாயாஜாலக் கதைதானே, அதில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாமே” என்பவர்கள் உண்டு. உண்மையில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால், நாயகன் கிணற்றில் விழும்போது நாம் ஏன் பதற வேண்டும்? பறந்து வெளியே வந்துவிடப்போகிறான். அதனால்தான் இந்த வகையில் தேர்ந்த எழுத்தாளர்கள், மந்திரத்தால் என்ன முடியும் என்பதைவிட என்ன முடியாது, பயன்படுத்தினால் என்ன பறிபோகும் என்பதில் அதிக உழைப்பைச் செலவிடுகிறார்கள். மந்திரத்தின் எல்லை எது, அதன் விலை என்ன? இந்த இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால், ஆயிரம் பக்கப் புத்தகமும் மிரட்டாது.

முதலில் எது மிகுபுனைவு என்று பார்த்துவிடலாம். நம் உலகில் நடக்க இயலாத ஒன்று, கதையின் உலகில் இயல்பாக நடக்கிறது. அதற்கு விஞ்ஞான விளக்கம் தர ஆசிரியர் முயல்வதில்லை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ பேசுகிற நாய்தான். ஆனால் அது யாரோ செய்த இயந்திரம் என்பதால் அந்த நாவல் அறிபுனைவு. மிகுபுனைவில் ஒரு நாய் பேசினால், யார் செய்தார்கள் என்று கேட்க மாட்டோம். யாரிடம் பேசும், எப்போது பேசாது என்று கேட்போம். புராணங்களை இந்தக் கணக்கில் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. அவற்றின் பின்னால் வழிபடுகிற மக்கள் இருக்கிறார்கள். மிகுபுனைவு நாவலிலோ, இது முழுக்கக் கற்பனை என்று எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும்.

அப்படித் தெரிந்தும் எப்படி நம்புகிறோம்? இதற்கு ஓரளவு விடை சொன்னவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார்; பின்னர் அதை விரித்துக் கட்டுரையாக்கினார். பச்சை நிறச் சூரியன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அந்தப் பச்சைச் சூரியன் நம்பும்படியாக உதிக்கும் ஓர் உலகத்தைக் கட்டுவதற்குத்தான் உழைப்பு வேண்டும் என்பது அதில் அவர் வைத்த வாதம். வாசகர் உள்ளே இருக்கும்வரை அந்த உலகத்தின் சட்டப்படி எல்லாம் உண்மை. சட்டம் ஓரிடத்தில் பிசகினால் வெளியே வந்து விழுந்துவிடுவார்.

டோல்கீன் தன் உலகத்தை மொழிகளிலிருந்து கட்டினார். ஃபின்னிஷ், வெல்ஷ் மொழிகளின் ஓசையில் மயங்கி, தானே இலக்கணத்தோடு மொழிகளை உருவாக்கினார். அவற்றைப் பேச மக்கள் வேண்டுமே என்று வரலாறும் எழுதினார். 1937இல் ‘தி ஹாபிட்’ வந்தது. பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், குழந்தைகள் புத்தகத்துக்குக் குழந்தையே நீதிபதியாக இருக்கட்டும் என்று பத்து வயது மகன் ரேனரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். கூலி ஒரு ஷில்லிங். பையன் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். அதே ரேனர் வளர்ந்து பதிப்பகத்தில் சேர்ந்தபின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வந்து சேர்ந்தது. ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம் என்று தந்தைக்கு எழுதினார். இது மேதையின் படைப்பு என்று நீ நம்பினால் ஆயிரம் பவுண்டை இழக்கலாம் என்று பதில் வந்தது. போருக்குப் பிந்தைய காகித விலையில் ஒரே நூலாகப் போட முடியாமல் மூன்றாக வெட்டி 1954, 55இல் வெளியிட்டார்கள். மிகுபுனைவு என்றாலே மூன்று பாகம் என்ற வழக்கம் இப்படி அச்சகக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் வேடிக்கை.

அந்த நாவலின் நடுவே இருப்பது ஒரு மோதிரம். அணிந்தால் பிறர் கண்ணுக்குத் தெரிய மாட்டீர்கள், ஆயுளும் நீளும். விலை என்ன? மோதிரத்தின் மீது ஆசை வளரும். பிறகு கழற்றிக் கொடுக்க மனம் வராது. கடைசியில் நீங்கள் மோதிரத்தின் உடைமை ஆகிவிடுவீர்கள். கதையின் மிகப் பெரிய மந்திரவாதியான காண்டால்ஃபிடம் ஹாபிட் குலத்துச் சிறியவன் ஒருவன் அந்த மோதிரத்தை நீட்டும்போது, அவர் அலறாத குறையாக மறுக்கிறார். நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு அணிந்தாலும், அந்த நல்லெண்ணத்தின் வழியாகவே தன்னைப் பிடித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். பலசாலி பயப்படுகிற இந்த ஒரு காட்சியில் விதி நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. அதன்பின் வரும் போர்களைவிட, அந்தச் சிறியவன் பையில் கை விடும்போதுதான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

காண்டால்ஃபின் சக்திக்கு எல்லை எது என்று டோல்கீன் தெளிவாகச் சொல்வதில்லை. அதனால் முக்கியமான சிக்கலை அவர் கையால் தீர்க்கவும் விடுவதில்லை. அந்தச் சுமை சாதாரணர்களின் கால்நடைப் பயணத்துக்குப் போகிறது. ஆனாலும் கழுகுகள் வந்து சிலரைக் காப்பாற்றும் இடம் உண்டு. முதலிலேயே அந்தக் கழுகுகள் மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று வாசகர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். விதியை மீறிவிட்டீரோ என்று ஆசிரியரைக் கூண்டில் ஏற்றுகிற இந்த வழக்காடும் குணம் மிகுபுனைவு வாசகரின் பிறவிக் குணம்.

1965இல் அமெரிக்காவில் மலிவுப் பதிப்புகள் வந்தபின் டோல்கீன் கல்லூரி மாணவர்களிடையே பெரும் மோகமானார். பிறகு அதே அச்சில் வார்த்த நாவல்கள் குவிந்தன: கிராமத்துப் பையன், வழிகாட்டும் கிழவர், வாள், இருட்டின் அரசன். அவற்றில் பலவற்றை நீங்கள் படிக்காமலேயே இருந்துவிடலாம்.

கட்டாயம் படிக்க வேண்டியது, உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’. ஏறக்குறைய இருநூறு பக்கம்தான். தந்தை மானுடவியலாளர், பிற இனக்குழுக்களின் கதைகள் புழங்கிய வீட்டில் வளர்ந்தவர் லெ குவின். அவருடைய உலகம் கடலும் தீவுகளுமானது. நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அட்டை ஓவியங்களிலும் பின்னர் தொலைக்காட்சித் தொடரிலும் அவனை வெள்ளைக்காரனாக்கிவிட்டார்கள் என்று அவர் வெளிப்படையாகவே கோபித்துக்கொண்டார்.

எர்த்ஸீயில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவன் அந்தப் பொருளை ஆளலாம். ஆகவே யாரும் தன் மெய்ப்பெயரை நம்பிக்கையானவரைத் தவிர யாரிடமும் சொல்வதில்லை. இந்த ஒரே விதியிலிருந்து ஒரு சமூகத்தின் பழக்கவழக்கம், நட்பு, துரோகம் எல்லாவற்றையும் லெ குவின் வருவித்துவிடுகிறார். ஒருவர் இன்னொருவரிடம் பெயரைச் சொல்வது அந்த நாவலில் உயிரை ஒப்படைப்பதற்குச் சமம்.

சிறுவன் கெட் முதலில் ஓகியன் என்ற மந்திரவாதியிடம் சீடனாகச் சேர்கிறான். இருவரும் மலைக்காட்டில் நடக்கிறார்கள். மழை பிடித்துக்கொள்கிறது. மற்ற ஊர் மந்திரவாதிகள் ஒரு சொல்லால் மேகத்தை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவார்கள். ஓகியன் மரத்தடியில் பேசாமல் படுத்துக்கொண்டு மழையைப் பெய்ய விடுகிறார். ஈரத்தில் நடுங்கியபடி பையன் கடுப்பாகிறான்: இதற்கும் பயன்படாத சக்தி எதற்கு? விடையை அங்கே லெ குவின் சொல்வதில்லை. பின்னால், ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஓர் ஆசிரியர், இங்கே பெய்யவைக்கும் மழை வேறொரு தீவில் வறட்சியாக முடியலாம் என்று சொல்லும்போதுதான் வாசகருக்கு ஓகியன் நனைந்தது புரிகிறது.

அதே பள்ளியில் இன்னொரு ஆசிரியர் கூழாங்கல் ஒன்றை எடுத்து வைரமாகக் காட்டுகிறார். அது தோற்றம்தான், சற்று நேரத்தில் மறுபடி கல். உண்மையாகவே வைரமாக்குவது எப்படி என்று கெட் கேட்கிறான். அதன் மெய்ப்பெயரை மாற்ற வேண்டும், அதைச் செய்தால் உலகத்தையே மாற்றுகிறாய், அதனால் விளையும் நன்மை தீமை முழுவதும் தெரியாதவரை ஒரு மணலைக்கூட மாற்றக் கூடாது என்கிறார் அவர். கல்லும் நல்ல பொருள்தான் என்றும் சொல்லிவைக்கிறார். கெட் கேட்கவில்லை. சக மாணவன் ஒருவனின் ஏளனம் பொறுக்காமல், தன் திறமையைக் காட்ட இறந்தவர்களின் உலகத்திலிருந்து ஓர் ஆவியை அழைக்கிறான். வந்தது நிழல் போன்ற வேறொன்று. அவன் முகத்தைக் கிழிக்கிறது. திறந்த வழியை மூடுவதில் பள்ளியின் தலைவர் உயிர் போகிறது. நாவலின் முதல் பாதியிலேயே இது நடந்துவிடுவதால் சொன்னேன். அந்த நிழல் என்ன, அதன் பெயர் என்ன என்பதை நான் சொல்லக் கூடாது. மந்திரப் பள்ளிக்கூடம் என்றதும் 1997இல் வந்த ஹாரி பாட்டர் மட்டும் நினைவுக்கு வருபவர்கள், அதற்கு 29 ஆண்டுகள் முன்பே இங்கே வகுப்பு நடந்துகொண்டிருந்ததைக் கவனிக்கலாம்.

லெ குவினின் விலை அறத்தைச் சார்ந்தது. பிராண்டன் சாண்டர்சனின் விலை பௌதிகத்தைச் சார்ந்தது. 2006இல் தொடங்கிய அவருடைய ‘மிஸ்ட்பார்ன்’ தொடரில் சிலர் உலோகத் துகள்களை விழுங்கி, வயிற்றுக்குள் ‘எரித்து’ சக்தி பெறுகிறார்கள். தகரத்தை எரித்தால் புலன்கள் கூர்மையாகும். இரும்பை எரித்தால் அருகிலுள்ள உலோகப் பொருளைத் தன்பக்கம் இழுக்கலாம்; எஃகை எரித்தால் தள்ளலாம். தெருவில் திருடிப் பிழைத்த வின் என்ற பெண் இதைக் கற்றுக்கொள்ளும் பகுதியைப் படிக்கும்போது, நாமும் கற்றுக்கொள்கிறோம். கையிலுள்ள நாணயத்தைத் தள்ளினால் அது தோட்டாவைப் போல் பறக்கிறது, ஏனென்றால் அது அவளைவிட எடை குறைவு. சுவரில் பதித்த இரும்புத் தாழ்ப்பாளைத் தள்ளினாலோ அவள்தான் பின்னால் தூக்கியெறியப்படுவாள். அப்படியானால் நாணயத்தைக் காலடியில் போட்டுத் தள்ளினால்? அது தரையில் மோதி நிற்கும், மேலே போக வேண்டியது வின். மதில்களைத் தாண்டுவது இப்படித்தான். நேர்கோட்டில்தான் தள்ள முடியும், வளைக்க முடியாது. விழுங்கிய உலோகம் தீர்ந்தால் அந்தரத்திலிருந்து விழ வேண்டியதுதான்.

மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது வாசகருக்கு எவ்வளவு நன்றாகப் புரிந்திருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் ஆசிரியர் அதை வைத்துச் சிக்கலைத் தீர்க்கலாம் என்று சாண்டர்சன் 2007இல் ஒரு கட்டுரையில் எழுதினார். இதைப் படித்தால் துப்பறியும் நாவல் வாசகருக்கு எங்கோ கேட்டமாதிரி இருக்கும். 1929இல், பாதிரியாரும் துப்பறியும் கதை எழுத்தாளருமான ரொனால்டு நாக்ஸ், அந்த வகைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். துப்பறிபவர் கண்டுபிடித்த தடயம் வாசகர் முன்பும் வைக்கப்பட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பேய் பிசாசு கூடாது என்பது இன்னொன்று. மிகுபுனைவு இரண்டாவது கட்டளையை மீறிக்கொண்டு முதலாவதை அப்படியே பின்பற்றுகிறது என்பது என் கட்சி. கடைசி அத்தியாயத்தில் நாயகி தப்பிக்கும் வழி, நூறாம் பக்கத்தில் அந்த நாணயத்தோடு நம் கண்முன் வைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அப்போதுதான் “அட, எனக்குத் தோன்றவில்லையே” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

பிற வெகுஜன வகைகளிலும் இப்படி ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு. துப்பறியும் கதையில் குற்றவாளி யாரென்று சொல்லியாக வேண்டும். காதல் நாவல் காதலர்களைச் சேர்த்துவைத்தாக வேண்டும். அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர்களின் சங்கமே நம்பிக்கை தரும் முடிவைத் தன் இலக்கணத்தில் சேர்த்திருக்கிறது. சரித்திர நாவலில் சோழர் தோற்ற போரில் சோழரை ஜெயிக்கவைக்க முடியாது. ஒப்பந்தம் இருப்பதாலேயே இவை தரம் தாழ்ந்தவை என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்குப் பொறுமை இல்லை. வெண்பாவுக்கும் தளை உண்டு. எட்மண்ட் வில்சன் என்ற பெரிய விமர்சகர் 1956இல் டோல்கீனைச் சிறுபிள்ளைத்தனமான குப்பை என்று ஒதுக்கினார். 2014இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை லெ குவினுக்குத் தன் கௌரவப் பதக்கத்தை அளித்தது.

இனி படிப்பதற்கு வருவோம். பலர் மிகுபுனைவைக் கைவிடுவது முதல் ஐம்பது பக்கத்தில். வாயில் நுழையாத பெயர்கள், முன்பக்கத்தில் வரைபடம், விளக்கமே இல்லாமல் வந்து விழும் சொற்கள். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘பொன்னியின் செல்வன்’ படிக்கத் தொடங்கியபோது பழுவேட்டரையர் எத்தனை பேர், கடம்பூர் எந்தத் திசை என்று யாரும் குறிப்பெடுத்துக்கொள்ளவில்லை. வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் போனோம், தானாகப் புரிந்தது. இங்கும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். மூன்றாவது தடவையும் வருகிற பெயர்தான் முக்கியமான பெயர். வரைபடத்தைப் பயணம் தொடங்கும்போது பார்த்தால் போதும். பின்னிணைப்புகளைப் புத்தகம் பிடித்துப்போனவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு நடுவே கவனிக்க வேண்டியது விதிகள் சொல்லப்படும் விதம். நல்ல ஆசிரியர் அதைப் பாடமாக நடத்த மாட்டார். யாரோ ஒருவர் எதற்கோ பயப்படுவார், ஏதோ ஒன்றைத் தொட மறுப்பார், ஒரு சொல்லைச் சொல்லத் தயங்குவார். அங்கே ஒரு விதி இருக்கிறது. என். கே. ஜெமிசினின் ‘தி ஃபிப்த் சீஸன்’ நாவலில் நிலநடுக்கத்தை அடக்கத் தெரிந்தவர்களைச் சமூகம் வெறுக்கிறது, அடித்து அடக்கிவைக்கிறது, அவர்கள் இல்லாமல் வாழவும் முடியாமல் தவிக்கிறது. மந்திரத்தின் விலையை அதைச் செய்பவர்மீது ஒரு நாடே சுமத்துவதைப் பற்றிய புத்தகம் அது. அது தொடங்கிவைத்த முப்பாகத் தொடரின் ஒவ்வொரு பாகமும், அறிபுனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருதைப் பெற்றது. 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள். சற்றுக் கடினமான நடை, இரண்டாவது அல்லது மூன்றாவது புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அரண்மனைச் சதியும் வாரிசுச் சண்டையும் பிடித்தவர்களுக்கு ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இருக்கிறார். 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இரு அரச குடும்பங்கள் சிம்மாசனத்துக்காக நடத்திய ரோஜாப் போர்கள் அவருக்கு உந்துதல். மந்திரம் ஓரமாக இருக்கும், வன்முறை நடுவில் இருக்கும். பிள்ளைகள் கையில் கொடுக்கும் புத்தகமில்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1996இல் தொடங்கிய அவருடைய ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடரின் ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது, ஆறாம் பாகத்துக்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். இன்னொரு மிகுபுனைவு எழுத்தாளரான ராபர்ட் ஜோர்டன், ‘தி வீல் ஆஃப் டைம்’ என்ற தன் 14 பாகத் தொடரை முடிக்காமலே 2007இல் காலமானார். அவருடைய குறிப்புகளை வைத்துக் கடைசி மூன்று பாகங்களை எழுதி முடித்தவர் மேலே சொன்ன சாண்டர்சன்தான். ஆகவே தொடர் நாவலை வாங்குமுன் அது முடிந்துவிட்டதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் புத்தகமாக எர்த்ஸீயை எடுங்கள். தன்னளவில் முடிந்த கதை, ஆங்கிலமும் தெளிவானது. விதிகளை வைத்துப் புதிர் போடுவது பிடித்தால் அடுத்து மிஸ்ட்பார்ன். சிரிக்க வேண்டும் என்றால் டெர்ரி பிராட்செட். தட்டையான ஓர் உலகம், அதை நான்கு யானைகள் தாங்குகின்றன, யானைகளை ஓர் ஆமை சுமக்கிறது. நமக்கு அன்னியமாகவே தோன்றாது. அந்த டிஸ்க்வேர்ல்டு வரிசையில் 41 நாவல்கள் உண்டு, பெரும்பாலும் தனித்தனியாகப் படிக்கலாம். 1983இல் வந்த முதல் நாவலில் பிராட்செட் இன்னும் கை பழகாதவர், அதில் தொடங்க வேண்டாம். 1987இல் வந்த ‘மோர்ட்’ சரியான வாசல். மரணதேவன் தன் வேலைக்குக் கைத்துணையாக ஒரு கிராமத்துப் பையனைச் சேர்த்துக்கொள்கிறார். உயிரெடுக்கப் போன இடத்தில் பையன் இரக்கப்பட்டு ஓர் இளவரசியைத் தப்பவிட, விதி பிசகி, இல்லாத ஒருத்தியாக அவளை ஊர் நடத்தத் தொடங்குகிறது. இதற்கிடையே ஓய்வெடுக்கப் போன மரணதேவன் ஓர் உணவகத்தில் சமையல்காரராகச் சேர்ந்துவிடுகிறார். பூனை என்றால் அவருக்கு உயிர்.